பதினோரு வீட்டுக் காய்

உழவர் சந்தையில் நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் எத்தனை விவசாயிகளின் அடையாள அட்டைகளில் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரத்து செய்த அட்டைகளையும் எண்ணி வைக்கவில்லை. அவற்றில் ஒன்று மட்டும் முகத்தோடு நினைவில் இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. அட்டை கொடுக்கும் முறையைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒருவர் கையிலிருந்து அட்டையை வாங்கும்போது நாம் உண்மையில் எதை வாங்குகிறோம் என்று எனக்கு அந்த ஒரு அட்டையில்தான் தெரிந்தது.

நான் மதுரை நகரத்துக்காரன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். குடும்பத் தொழில் தறி. மதிப்பெண் கிடைத்ததால் வேளாண்மை படித்தேன். கத்தரியில் எந்தப் புழு எந்த வாரத்தில் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கத்தரிக்காய் செடியிலிருந்து சந்தைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதைப் பற்றிப் பணியின் கடைசி ஐந்தாறு ஆண்டுகள் வரை நான் யோசித்ததே இல்லை.

சந்தை நகரின் வடக்குப் பக்கம் இருந்தது. அதற்கு இருந்த முக்கியமான விதி ஒன்றுதான். விளைவிக்கிறவரே விற்க வேண்டும், வாங்கி விற்கிறவருக்கு உள்ளே இடம் கிடையாது. அந்த விதியை மீறுகிறவர்கள் இருந்தார்கள். மொத்த மார்க்கெட்டில் காயை எடுத்துவந்து, யாரோ ஒருவருடைய அட்டையைக் காட்டிக் கடை போடுவார்கள். ஒரு வருடம் கோடை தொடங்கும் முன்பு விவசாயிகள் சிலர் சேர்ந்து இதைப் பற்றி குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்குள் வியாபாரிகளைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும் என்றார். ஏழாம் நாள் தாமே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

இரண்டு பேரைச் சுலபமாகப் பிடித்தேன். அவர்களுடைய தக்காளிப் பெட்டியில் வெளியூர் மண்டியின் முத்திரை இருந்தது. அவர்கள் மறுக்கவும் இல்லை. ஏழாம் நாள் காலையில் அதிகாரி வந்தார். நான் அவரைக் கடை கடையாக அழைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தில் திருப்தி தெரியவில்லை. இரண்டு பேர்தானா என்று கேட்டார்.

அப்போது நாங்கள் பஞ்சவர்ணத்தின் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அழகர்கோவில் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமம். அட்டையில் நாற்பது சென்ட் நிலம், கத்தரி, வெண்டை என்று இருந்தது. கடையில் கத்தரியும் வெண்டையும் இருந்தன. அவற்றோடு பாகல், புடலை, அவரை, பச்சை மிளகாயும் இருந்தன. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். கத்தரியிலேயே மூன்று வகை: ஊதா, பச்சை வரி, வெள்ளை. நாற்பது சென்ட்டில் யாரும் மூன்று ரகக் கத்தரி போடுவதில்லை. அதை அதிகாரியிடம் சுட்டிக்காட்டினேன். கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் உங்கள் தோட்டத்தில் விளைந்ததா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க ஊர்ல வெளஞ்சது சார்" என்றார்.

அந்தப் பதிலில் எனக்கு வேண்டியது இருந்தது. தோட்டத்தைக் கேட்டால் ஊரைச் சொல்கிறார், ஆகவே பிறர் காயை விற்கிறார், ஆகவே வியாபாரி. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இங்கே வியாபாரிகளுக்கு இடமில்லை என்று, நாலு கடைக்குக் கேட்கும்படியே சொன்னேன். பஞ்சவர்ணம் ஏதோ சொல்ல வந்தார். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம். நான் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் காயையெல்லாம் சாக்கில் கொட்டாமல், வகை வகையாகப் பிரித்து, வெவ்வேறு நிறத் துணிகளில் முடிந்துகொண்டிருந்தார். நேரம் கடத்துகிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை அதிகாரி போனில் கூப்பிட்டு நன்றாகச் செய்தீர்கள் என்றார்.

அந்த ஆடி மாதத்தில் எங்களுக்கு வேறொரு வேலை வந்தது. சிறு விவசாயிகள் ஏன் காய்கறிச் சந்தைகளுக்கு வருவதில்லை என்று கிராமங்களில் கணக்கெடுக்க வேண்டும். அச்சடித்த படிவம் கொடுத்தார்கள். தூரம், வாகன வசதி, நிலப்பரப்பு, படிப்பு, வயது, விலை பற்றிய தகவல், ஆர்வமின்மை என்று வரிசையாகக் கட்டங்கள். பொருந்தும் கட்டத்தில் டிக் அடித்தால் போதும். எனக்கு ஒதுக்கிய கிராமங்களில் பஞ்சவர்ணத்தின் ஊரும் இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அது பட்டியலில் ஒரு ஊர், அவ்வளவுதான்.

முதலில் போனது ராக்கு என்ற பெண்ணின் வீட்டுக்கு. வீட்டை ஒட்டியே இருபது சென்ட்டில் பாகல் பந்தல். அதில் பாதிக் காய் மஞ்சளாகப் பழுத்து வெடித்துத் தொங்கியது. சந்தைக்கு ஏன் வருவதில்லை என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

"வந்துக்கிட்டுத்தான சார் இருந்தோம்" என்றார் ராக்கு.

அவர் பெயரில் அட்டையே இல்லையே என்றேன். பஞ்சவர்ணத்தின் அட்டையில் வந்ததாகச் சொன்னார். பிறகு நான் கேட்காமலே மற்றதையும் சொன்னார். ராக்குவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு கிலோ பாகல் கிடைக்கும். எட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய், விற்றுவிட்டு, வெயிலேறித் திரும்பினால் அந்த நாள் போய்விடும். மாட்டில் பால் பீச்ச ஆள் கிடையாது. மாமியார் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் அவரை ஆறு கிலோ, எதிர்வீட்டில் மிளகாய் நாலு கிலோ. எல்லா வீட்டிலும் இதே நிலைமைதான். தோட்டத்துக்கே வண்டி கொண்டுவரும் வியாபாரி மூட்டைக் கணக்கில்தான் எடுப்பார், எட்டு கிலோவுக்கு வண்டியை நிறுத்தக்கூட மாட்டார்.

பஞ்சவர்ணத்தின் கணவர் திருப்பூரில் வேலை பார்த்தார். மகன் கல்லூரி விடுதியில் இருந்தான். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப அந்த ஊரில் அவரால் மட்டும்தான் முடியும். நகரத்து ஆட்களிடம் கூச்சமில்லாமல் பேசுவார். கண்டக்டர் அவருக்காக ஒரு நிமிடம் கூடுதலாக பஸ்ஸை நிறுத்துவார். அதனால் அவருடையதையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக் காய் அவரோடு போனது. யாருடைய காய் எது என்று தெரிவதற்காக வீட்டுக்கொரு நிறத் துணி. விற்ற பணம் அதே துணியில் முடிந்து திரும்பி வரும். பஸ் செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவருக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய வெண்டையை மற்றவர்கள் பறித்து வைப்பார்கள், தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

ராக்கு இதைக் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அட்டையை வாங்கியவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. படிவத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதற்கு அதில் கட்டம் இல்லை.

இன்னும் நாலைந்து வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒரு வீட்டில் முற்றிய வெண்டையை ஆட்டுக்கு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் காய்கறியே வேண்டாம் என்று மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். கடைசியாகப் பஞ்சவர்ணத்தின் தோட்டத்துக்குப் போனேன்.

அவர் வெண்டை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். வாங்க சார் என்றார், ஆனால் பறிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு விஷயம் தெரியாமல் போய்விட்டது என்றேன். திரும்ப வாருங்கள், அட்டைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவர் அந்த வரிசையை முடித்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"அட்டைய விடுங்க சார். நீங்க என்னய வியாபாரின்னு சொன்னது சந்தையோட போயிருந்தா நான் தொடச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். அது எனக்கு முன்னாடி பஸ் ஏறி ஊருக்கு வந்துருச்சு."

நடந்தது இதுதான். அன்று விற்காத காயோடு அவர் பஸ்ஸில் ஏறியபோது, ஏன் எல்லாம் அப்படியே திரும்புகிறது என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். சந்தையில் நான் சொன்னதைக் கேட்டிருந்த ஒருவர் பஸ்ஸிலேயே அதைச் சொல்லிவிட்டார். முடிச்சுகளை அவர் வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பதற்குள் பேச்சு பரவிவிட்டது. வியாபாரி என்று ஒரு அதிகாரியே சொல்லியிருக்கிறார் என்றால், இத்தனை நாளும் நம் காயை வைத்து இவர் லாபம் பார்த்திருக்கிறார் என்று இரண்டு வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அவரோடு பேசவில்லை. அதில் ஒன்று அவருடைய நாத்தனார் வீடு.

"நீங்க வந்து சொன்னாத்தான் தீரும். அந்த ரெண்டு வீட்டுலயும் வந்து சொல்லுங்க, நான் தப்பு எதுவும் பண்ணலன்னு. இப்பவே வாங்க."

நான் பார்க்கிறேன் என்றேன்.

நம் இலாகாவில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குப் பயம் இருந்தது. என் உத்தரவு தப்பு என்று நானே ஊருக்குள் போய்ச் சொன்னால் நாளைக்கு ஒருவர் அதை எழுதி மனுவாகக் கொடுப்பார். பணி ஓய்வுக்கு நாலு வருடம்தான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அட்டையை வாங்கியதை விட அப்படிக் கிளம்பியது பெரிய தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன். முன்னதில் எனக்கு உண்மை தெரியாது. இதில் தெரியும்.

மெயின் ரோட்டில் ஏற முடியவில்லை. அழகர்கோவிலுக்கு வேன் வேனாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அப்போது என் அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் தெருவில் ஐந்து வீட்டுச் சேலைகளை அவர்தான் சைக்கிளில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோவார். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் தறியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஒருநாளும் அவரிடம், இதெல்லாம் நீ நெய்ததுதானா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? எங்கள் தெருவில் நெய்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

வேன்கள் போய் ரோடு காலியான பிறகு வண்டியைத் திருப்பினேன்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தார். முதல் வீட்டில் இருந்த பெரியவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி சார் என்றார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது, நாத்தனார் வீடு. அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டே கேட்டார். அட்டையை வாங்கியது நான்தான், விசாரிக்காமல் வாங்கினேன், இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். மூன்று வாக்கியங்கள். இருபத்தெட்டு வருடப் பணியில் அப்படி மூன்று வாக்கியங்களை நான் யார் முன்னாலும் சேர்த்துச் சொன்னதில்லை. அந்த அம்மா பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பி, "புடலங்கா நாளைக்குப் பறிக்கவா, நாளான்னைக்கா?" என்று கேட்டார்.

"அட்டை வரட்டும், சொல்றேன்" என்றார் பஞ்சவர்ணம்.

அட்டை சீக்கிரம் வரவில்லை. பதினோரு வீட்டுக்கும் தனித்தனியாக அட்டை வாங்கிவிட்டு, ஒருவர் எல்லோருடைய அட்டையையும் கொண்டுவந்து விற்கட்டும் என்பது என் யோசனை. விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் மற்ற சங்கதிகள் வெளியே வந்தன. பாதிப் பேருக்குப் பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. சிலர் குத்தகைக்குப் பார்க்கிறவர்கள். உழுகிறவர் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். என்னைவிட வயதில் இளையவர். நிலத்தில் யார் சாகுபடி செய்கிறார் என்று பதிவேட்டில் எழுத முடியும் என்றும், நேரில் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று எந்தத் துறையிலிருந்தும் தன்னிடம் யாரும் வந்து கேட்டதில்லை என்றும் சொன்னார். இரண்டு நாள் என்னோடு வயல் வயலாக நடந்தார். அவரால் முடிந்தது ஏழு பேருக்கு. மற்ற நாலு பேர் விஷயத்தில் நிலத்துக்காரர்கள் சம்மதிக்கவில்லை.

அடுத்தது மேலதிகாரி. ஒருவர் ஏழு பேர் காயை விற்க அனுமதி வேண்டும் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எழுத்தில் தர மாட்டேன் என்றார். வேண்டுமானால் செய்து பாருங்கள், பிரச்சினை வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும், சம்மதமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. சம்மதம் என்றேன்.

தை மாதத்தில் பஞ்சவர்ணம் ஏழு அட்டைகளோடு வந்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பழைய இடம் கிடைக்கவில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது, அங்கே உட்கார்ந்தார். ஆனையூரிலிருந்து வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நான் ஓய்வு பெறும் வரை ஒரு மனுவும் வரவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் அவருடைய கடையில் நின்று கேள்வி கேட்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். பதிலை அவரையே சொல்லவிடுவேன், முழுக்க.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் சொன்னது வீண். வெளியே நின்றுபோன நாலு வீடுகள் திரும்பவில்லை. அவற்றில் சின்னச்சாமி என்பவரின் வீடும் ஒன்று. அந்த வெள்ளைக் கத்தரி அவருடையது. முப்பது சென்ட் குத்தகை நிலத்தில் போட்டிருந்தார். காய் போகும் வழி அடைபட்ட அந்தக் கோடையில் அவர் செடிகளைப் பிடுங்கிவிட்டார். நிலம் சும்மா கிடப்பதைப் பார்த்த நிலத்துக்காரர் அதை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவர் எப்படியும் ஒருநாள் விற்றிருப்பார் என்று பஞ்சவர்ணமே என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த வருடம் விற்றதற்கு நான் ஒரு காரணம்.

என் பணியின் கடைசி வாரத்தில் சின்னச்சாமியைப் பார்த்தேன். ஆனையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். காக்கிச் சட்டையோடு, கையில் பையோடு, பஞ்சவர்ணத்தின் கடையில் காய் வாங்க நின்றார். அவர் கத்தரிக்காயை மற்றவர்களைப் போல அள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். இது இன்று பறித்ததில்லையே என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார். நேற்று சாயங்காலம் பறித்தது அண்ணே என்று அவர் ஒப்புக்கொண்டார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். சின்னச்சாமி கேட்கவில்லை. போர்டில் எழுதியிருந்த விலையைப் பார்த்து, அரைக் கிலோவுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

யார் அவர் என்று அன்று என்னோடு இருந்த புதிய உதவி அலுவலர் கேட்டார். வாடிக்கையாளர் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு அந்த உதவி அலுவலரை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்போது உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் சொன்னேன்.